வீட்டுலயே மோட்டார் வால்வ் செட்டிங்: முதல் தடவை செய்யுறவங்களுக்கு

போன வருஷம் தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னால, விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகும்போது பினாங்குப் பாலத்து நடுவுல என் ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் நின்னு போச்சு. பிறையில இருந்து பாயான் லெப்பாஸ் வரைக்கும் தினமும் ஓட்டுற வண்டி. மோட்டாருக்கு 2019 ஜனவரியில இருந்து பாலத்துல டோல் இல்ல, அதனால பஸ்ஸ நம்பாம இத வச்சிதான் பொழப்பு ஓடுது. உதைச்சிப் பார்த்தா காலுக்கு எந்த எதிர்ப்பும் இல்ல, கிக்கர் அப்படியே லேசா கீழ போகுது. கம்ப்ரஷனே இல்ல, அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அழுந்தவே இல்ல. எக்ஸாஸ்ட் வால்வ் (புகை வெளிய போற வழிய திறந்து மூடுறது) எரிஞ்சி போயிருக்குன்னு ஹெட்ட கழட்டுனப்புறம்தான் தெரிஞ்சிச்சு. மொத்தம் 280 வெள்ளி (ரிங்கிட்), ரெண்டு நாள் லீவு.

காரணம் என்னன்னா அதுக்கு மூணு மாசம் முன்னால ஒரு பெங்கெல்ல (மோட்டார் ரிப்பேர் கடையில) "டிக் டிக்னு சத்தம் வருது"ன்னு சொன்னேன், அவங்க இன்ஜின் சூடா இருக்கும்போதே, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) எதுவும் வைக்காம, காதால கேட்டு கேட்டு சத்தம் நிக்குற வரைக்கும் வால்வ் ஸ்க்ரூவ இறுக்கிக் கொடுத்துட்டாங்க. எனக்கும் அன்னிக்கு சந்தோஷம், வண்டி பட்டு மாதிரி ஓடுச்சு. அப்புறம் எங்க ஃபிளாட்டுல கீழ் வீட்டு மாமா, ரொம்ப வருஷம் மெக்கானிக்கா இருந்தவரு, அவருதான் சொன்னாரு: "தம்பி, வால்வ் சத்தம் போட்டா வண்டி ஓடும். சத்தமே இல்லன்னாதான் பயப்படணும்." அவரு பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டதையும், அதுக்கப்புறம் நானே செஞ்ச தப்புகளையும் வச்சி இத எழுதுறேன். உங்களுக்கு அந்த 280 வெள்ளி மிச்சமாகணும், அவ்வளவுதான்.

வால்வ் செட்டிங்னா வால்வ் தண்டுக்கும் அத அழுத்துற ராக்கருக்கும் நடுவுல உள்ள சின்ன இடைவெளிய, அதாவது கேப்ப, சரியா வைக்குறது. நான் சொல்றதெல்லாம் கார்ப்ரேட்டர் வச்ச பழைய 100 சிசி ஈஎக்ஸ்5-க்கு. ஒரே சிலிண்டர், ரெண்டு வால்வ், கத்துக்க இதவிட சுலபமான இன்ஜின் கிடையாது. ஸ்க்ரூவும் நட்டும் வச்ச மத்த கப்ச்சாய்களுக்கும் (சின்ன மோட்டார்களுக்கும்) முறை இதேதான், அளவுதான் மாறும்.

1. முதல்ல பேப்பர எடுங்க, ஸ்பானர அப்புறம் எடுக்கலாம்

கெரான (வண்டி பதிவுப் பத்திரத்த) எடுத்து மாடலும் வருஷமும் என்னன்னு பாருங்க. இது ஏன்னா செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குனவங்க நெறைய பேருக்கு தன்னோட வண்டி எந்த மாடல்னே சரியா தெரியாது, ஸ்டிக்கர் ஒன்னு சொல்லும், கவர் செட் ஒன்னு சொல்லும், கெரான் வேற ஒன்னு சொல்லும். மாடல் தெரிஞ்சாதான் கேப் அளவு தெரியும். பழைய கார்ப் ஈஎக்ஸ்5-க்கு இன்டேக் (காத்து உள்ள வர்ற வால்வ்), எக்ஸாஸ்ட் ரெண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர், இன்ஜின் ஆறி இருக்கும்போது. ஆனா இதே அளவ ஈஎக்ஸ்5 எஃப்ஐ-க்கோ (கார்ப்ரேட்டர் இல்லாத மாடல்), வேவ், எல்சி, ஒய்15 மாதிரி மத்த மோட்டாருக்கோ வச்சிடாதீங்க. நெறைய வண்டியில இன்டேக்குக்கு ஒரு அளவு, எக்ஸாஸ்டுக்கு அதவிட பெருசா ஒரு அளவுன்னு இருக்கும். உங்க வண்டி ஓனர் மேனுவல்ல இருக்குற நம்பர்தான் நம்பர். மேனுவல் இல்லன்னா அந்த மாடலுக்கு உள்ள சர்வீஸ் மேனுவல தேடி எடுங்க, கூட்டாளி சொன்ன நம்பர வச்சி செய்யாதீங்க.

வண்டி இன்னும் வாரண்டியில இருந்தா இந்தக் கட்டுரைய இப்போதைக்கு வச்சிடுங்க. சர்வீஸ் புக்குல சாப் (முத்திரை) விழணும், நீங்களே இன்ஜின திறந்தா நாளைக்கு க்ளைம் பண்ணும்போது பேச வழி இருக்காது. வாரண்டி முடிஞ்ச வண்டிக்கு ஒரு சின்ன நோட்டு போடுங்க, அதுல என்ன எழுதணும்னு கடைசியில சொல்றேன்.

இன்னொன்னு, பெங்கெல்ல எந்த வேலை செஞ்சாலும் ரெசிட் கேட்டு வாங்குங்க. என்கிட்ட அந்த முதல் செட்டிங்குக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல, அதனால வால்வ் எரிஞ்சப்புறம் போய் கேட்டப்போ "நாங்க தொடவே இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. என்ன பண்ண முடியும்?

2. சாமான், விலை

வீட்டுல ஒரு சாதாரண ஸ்பானர் செட் இருக்கும்னு வச்சிக்கிறேன். அதுக்கு மேல நான் வாங்குனது:

ஃபீலர் கேஜ், 12 வெள்ளி. வாங்கும்போது கடையிலயே விரிச்சிப் பாருங்க, 0.05 தகடு இருக்கணும். கார் வேலைக்குன்னு விக்குற சில செட்டு 0.10-ல இருந்துதான் ஆரம்பிக்கும், அது நமக்கு ஆகாது. 0.08-ம் இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னு பின்னால வரும்.

வால்வ் செட்டிங் சாவி, 8 வெள்ளி. அட்ஜஸ்டர் ஸ்க்ரூவோட தலை சின்ன சதுரமா இருக்கும், அத பிடிக்குறதுக்கு. பிளேயர்ல பிடிச்சி திருப்புனா ஓரம் மழுங்கிடும், அடுத்த தடவை எதுவுமே பிடிக்காது.

9 நம்பர் ரிங் ஸ்பானர், 6 வெள்ளி. இத சொல்லியே ஆகணும். நாம வாங்குற செட்டுல 8 இருக்கும், 10 இருக்கும், 9 இருக்காது. லாக் நட்டு 9. ஞாயித்துக்கிழமை காலையில எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு 9 இல்லாம, கடை எல்லாம் மூடியிருக்க, மறுநாள் ஷிஃப்டுக்கு இன்னொருத்தர் வண்டியில தொத்திக்கிட்டுப் போனேன் நான்.

வால்வ் மூடிக்கு ரெண்டு ஓ-ரிங், ரெண்டும் சேர்த்து 4 வெள்ளி. ஸ்பார்க் ப்ளக் ஸ்பானர் வண்டியோட வந்த டூல் பைல இருக்கணும், இல்லன்னா 16 நம்பர் ப்ளக் ஸோக்கெட். வால்வ் மூடிக்கு 17. மேக்னெட் (இன்ஜினோட இடது பக்கம் அதோட சேர்ந்து சுத்துற சக்கரம்) நட்ட திருப்ப என் வண்டிக்கு 14 ஸோக்கெட்டும் ஒரு ரேச்செட்டும்.

மொத்தம் 30 வெள்ளி. பெங்கெல்ல ஒரு தடவை செட்டிங்குக்கு என்கிட்ட 20 வாங்குனாங்க, அதனால ரெண்டாவது தடவையிலயே சாமான் காசு திரும்பி வந்துடும். ஆனா காசுக்காக மட்டும் இல்ல, ஆறுன இன்ஜின்ல கேஜ் வச்சி செய்யுறதுக்கு நேரம் யாருக்கும் கிடையாது, வரிசையில பத்து மோட்டார் நிக்கும்போது உங்க வண்டி ஆறுற வரைக்கும் எந்த தவுக்கே (கடை முதலாளி) காத்திருப்பாரு?

3. எப்போ செய்யணும்

ராத்திரி முழுக்க நின்ன வண்டி, காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னால. இன்ஜின் 35 டிகிரிக்குக் கீழ இருக்கணும். நம்ம ஊர்ல மத்தியானம் வெயில்ல நிறுத்துன மோட்டார் ஓட்டாமலே அதுக்கு மேல சூடாயிடும், அதனால "நேத்துல இருந்து எடுக்கவே இல்ல"ங்குறது மட்டும் போதாது, நிழல்லயும் நின்னிருக்கணும். கைய ஹெட்டு மேல வச்சா சில்லுன்னு இருக்கணும். நான் ஞாயிறு காலை 7 மணிக்கு ஆரம்பிப்பேன். முதல் தடவை ரெண்டரை மணி நேரம் ஆச்சு, இப்போ 40 நிமிஷம்.

அடுத்த நாள் வேலை இருக்குற ராத்திரியில ஆரம்பிக்காதீங்க. மழை வர மாதிரி இருந்தா கூரை இல்லாத இடத்துலயும் வேணாம், திறந்த இன்ஜின்ல தண்ணி சொட்டினா அப்புறம் எண்ணெய மாத்துறது தனி வேலை.

4. கழட்டுறது

நடு ஸ்டாண்ட் போட்டு, கியர் நியூட்ரல், சாவிய எடுத்துடுங்க. முன் கவர கழட்டிட்டா கை நல்லா போகும், ஸ்க்ரூ ஒவ்வொன்னும் எந்த ஓட்டையில இருந்து வந்துச்சோ அந்த வரிசையில ஒரு அட்டையில குத்தி வைங்க.

திறக்குறதுக்கு முன்னால ப்ளக்க சுத்தியும் வால்வ் மூடிய சுத்தியும் பிரஷ்ஷால நல்லா தேச்சி துடைங்க. இத விட்டுட்டா அங்க ஒட்டியிருக்குற மண்ணு நேரா உள்ள விழும். அப்புறம் ப்ளக்க கழட்டுங்க. ப்ளக் இல்லன்னா இன்ஜின் கையால லேசா சுத்தும். இது சௌகரியத்துக்கு மட்டும் இல்ல: மேக்னெட்ட நாம சுத்தப் போறது கடிகாரத்துக்கு எதிர் பக்கம், அது நட்டு லூசாகுற பக்கமும் கூட, கம்ப்ரஷன் இருந்தா இன்ஜின் சுத்தாம நட்டு கழண்டுக்கிட்டு வந்துடும்.

வால்வ் மூடி ரெண்டு. மேல பார்த்து இருக்குறது இன்டேக், கீழ பார்த்து இருக்குறது எக்ஸாஸ்ட். கீழ் மூடிய திறக்கும்போது கொஞ்சம் எண்ணெய் சொட்டும், துணி ஒன்னு விரிச்சி வைங்க, கால்வாய்ல விடாதீங்க.

இடது பக்கம் மேக்னெட் கவர்ல பெரிய மூடி ஒன்னு நடுவுல, சின்ன மூடி ஒன்னு மேல. ரெண்டுமே அலுமினியம், ரொம்ப மெத்து. சின்ன ஸ்க்ரூடிரைவர் வச்சி திருப்புனா வெட்டு பிச்சிக்கும், வெட்டுக்கு சரியா பொருந்துற அகலமான ஒன்ன வச்சி நல்லா அழுத்தி திருப்புங்க. கவர்ல மூடியே இல்லாத வண்டின்னா முழு கவரையும் கழட்டணும்.

5. 'டி' கோட்ட நிறுத்துறது, எல்லாரும் தப்பு பண்ற இடம்

பெரிய ஓட்டையில ஸோக்கெட்ட விட்டு மேக்னெட்ட கடிகாரத்துக்கு எதிரா மெதுவா சுத்துங்க. சின்ன ஓட்டை வழியா டார்ச் அடிச்சிப் பார்த்தா மேக்னெட்டுல கோடு வர்றது தெரியும். முதல்ல இங்கிலீஷ் எழுத்து 'எஃப்' ஒரு கோட்டோட வரும், அது ப்ளக் நெருப்பு விடுற இடம். நமக்கு அது வேணாம். இன்னும் கொஞ்சம் சுத்துனா 'டி' வரும். அந்த எழுத்து இல்ல, எழுத்துக்குப் பக்கத்துல இருக்குற கோடு, கவர்ல இருக்குற வெட்டுக்கு நேரா வரணும்.

இங்கதான் நான் விழுந்தேன். 'டி' வந்தாச்சு, சரின்னு செட் பண்ணி மூடிட்டேன், வண்டி ஸ்டார்ட்டே ஆகல. ஏன்னா இன்ஜின் ஒரு முழு வேலைய முடிக்க ரெண்டு சுத்து சுத்துது, அதனால 'டி' ரெண்டு தடவை வரும். ஒரு தடவை ரெண்டு வால்வும் மூடியிருக்கும், அதுதான் நமக்கு வேணும். இன்னொரு தடவை எக்ஸாஸ்ட் மூடிக்கிட்டும் இன்டேக் திறந்துக்கிட்டும் இருக்கும், அப்போ அளந்தா எல்லாமே பொய்.

எது எதுன்னு கண்டுபிடிக்க மாமா சொல்லிக் கொடுத்தது: மேல் ஓட்டையில இன்டேக் ராக்கர பார்த்துக்கிட்டே சுத்துங்க. அது வால்வ அழுத்தி கீழ போகும், அப்புறம் மேல திரும்பி வரும். மேல வந்தப்புறம் அடுத்து வர்ற 'டி'தான் சரியான 'டி'. சந்தேகம்னா ப்ளக் ஓட்டைய விரலால மூடிக்கிட்டு இன்னொருத்தர சுத்தச் சொல்லுங்க, காத்து விரல தள்ளிட்டு வரும். கடைசியா ரெண்டு ராக்கரையும் விரலால ஆட்டிப் பாருங்க. ரெண்டுமே நூலளவு ஆடணும். ஆடலன்னா இன்னும் ஒரு முழு சுத்து சுத்தி மறுபடி பாருங்க. ரெண்டு 'டி'-லயும் ஒரு வால்வ் ஆடவே இல்லன்னா அது ஏற்கனவே இறுகிப் போயிருக்கு, நல்ல வேளை திறந்தீங்க.

கோட்டத் தாண்டிட்டா பின்னால இழுக்காதீங்க, திரும்ப ரெண்டு சுத்து முன்னால சுத்தி வாங்க.

6. கேப் அளக்குறது

அட்ஜஸ்டர் ஸ்க்ரூவோட நுனிக்கும் வால்வ் தண்டோட தலைக்கும் நடுவுலதான் தகடு போகணும். முதல் தடவை பார்க்கும்போது எங்க விடுறதுன்னே தெரியாது, டார்ச்ச ஒரு கையில பிடிச்சிக்கிட்டு ராக்கர ஆட்டுங்க, எங்க இடைவெளி திறந்து மூடுதோ அங்க.

0.05 எவ்வளவு மெல்லிசுன்னா, நாம ஃபோட்டோஸ்டேட் எடுக்குற ஏ4 பேப்பர் சுமார் 0.1 இருக்கும், அதுல பாதி. தகட துடைச்சி, லேசா எண்ணெய் தொட்டு, வளைக்காம நேரா விடுங்க. மடிஞ்ச தகடு தப்பு கணக்கு சொல்லும். சரியான கேப்னா தகடு உள்ள போகும், இழுக்கும்போது லேசா பிடிக்கும், புக்குக்குள்ள இருக்குற பேப்பர உருவுற மாதிரி ஒரு உரசல். தாராளமா ஆடுச்சின்னா கேப் அதிகம், தள்ளித் தள்ளித்தான் போகணும்னா கேப் கம்மி.

கைக்கு அந்த உரசல் பழகுறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் இப்படி பாருங்க: 0.05 போகணும், 0.08 போகக் கூடாது. ரெண்டும் சரின்னா விட்டுடுங்க, தொடாதீங்க. திறந்துட்டோமேன்னு சும்மா திருப்பத் தேவையில்ல.

எதுக்கு இந்த கேப்னு ஒரு வார்த்தை, ஏன்னா இது புரிஞ்சா இறுக்கணும்னு கை அரிக்காது. இன்ஜின் சூடாகும்போது வால்வ் தண்டு நீளும். கேப் இல்லன்னா நீண்ட தண்டு ராக்கர்ல முட்டி, வால்வ் முழுசா மூடாம நிக்கும். வால்வோட சூடு ஹெட்டுக்கு இறங்குறதே அது சீட்டுல உக்காந்திருக்குற நேரத்துலதான். உக்காரலன்னா சூடு போக வழியில்ல, நெருப்பு அந்த சந்து வழியாவே போகும், ஓரம் எரிஞ்சி போகும். ஓட ஓட வால்வ் சீட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அதனால கேப் தானாவே குறையும், குறையும்போது சத்தமும் குறையும். வண்டி அமைதியாயிடுச்சுன்னு நாம நினைச்சிக்கிட்டு இருப்போம்.

7. திருப்புறது, லாக் பண்றது

9 ஸ்பானரால லாக் நட்ட அரை சுத்து லூஸ் பண்ணுங்க, முழுசா கழட்டாதீங்க, உள்ள விழுந்தா எடுக்குறது பெரும் பாடு. சதுரச் சாவியால ஸ்க்ரூவ திருப்புங்க, கொஞ்சூண்டு திருப்புனாலே கேப் நெறைய மாறும். தகட உள்ளயே விட்டுக்கிட்டு, லேசா பிடிக்குற இடத்துல நிறுத்துங்க.

இப்போ லாக் நட்ட இறுக்கும்போது ஸ்க்ரூவும் அதோட சேர்ந்து சுத்தப் பார்க்கும், கேப் குறைஞ்சிடும். அதனால ஒரு கையால சாவிய அசையாம பிடிச்சிக்கிட்டே இன்னொரு கையால இறுக்கணும். எவ்வளவு இறுக்கணும்னா 9 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச் இல்லாதவங்களுக்கு சின்ன ஸ்பானர்ல மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் வேணாம். இறுக்கினப்புறம் தகட எடுத்துட்டு மறுபடி விட்டுப் பாருங்க. முதல் தடவை எனக்கு ஒரு வால்வுக்கு மட்டும் அஞ்சாறு தடவை திரும்பத் திரும்ப செய்ய வேண்டியிருந்துச்சு, அது சகஜம், அவசரப்படாதீங்க.

ரெண்டும் முடிஞ்சப்புறம் இன்ஜின கையால முழுசா ரெண்டு சுத்து சுத்தி, திரும்ப சரியான 'டி'-ல நிறுத்தி, மறுபடி அளங்க. நான் இத ஒரு தடவை கூட விட்டதில்ல, ரெண்டு தடவை மாறியிருந்ததையும் பார்த்திருக்கேன்.

8. மூடி ஸ்டார்ட் பண்றது

பழைய ஓ-ரிங் தட்டையா, கெட்டியா இருந்தா புதுசு போடுங்க. மூடிய முதல்ல விரலாலயே திருகுங்க, மூணு நாலு மரை லேசா போனாதான் ஸ்பானர் வைக்கணும். ப்ளக்கும் அப்படித்தான், ஹெட்டு அலுமினியம், மரை போச்சின்னா செலவு வால்வ விட அதிகம். உள்ள விட்ட துணி, தகடு, ஸோக்கெட் எல்லாம் வெளிய இருக்கான்னு எண்ணிப் பாருங்க.

சாவி போடாம ரெண்டு மூணு தடவை கிக்கர மிதிங்க. காலுக்கு நல்ல எதிர்ப்பு வரணும். லேசா போச்சின்னா ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஏதோ ஒரு வால்வ் முழுசா மூடாம நிக்குதோ என்னவோ, திரும்ப திறங்க. ஸ்டார்ட் ஆனப்புறம் லேசான டிக் டிக் சத்தம் இருக்கும், இருக்கட்டும். அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு மூடிகள சுத்தி எண்ணெய் கசியுதான்னு பாருங்க.

9. இதுக்கு மேல நீங்க செய்யாதீங்க

கேப் சரியா இருந்தும் சத்தம் பெருசா இருந்தா, அத இறுக்கி அடக்கப் பார்க்காதீங்க. அட்ஜஸ்டர் நுனியில குழி விழுந்திருக்கும், தகடு அந்தக் குழி மேல பாலம் மாதிரி படுத்துக்கும், நிஜமான கேப் அதவிட பெருசா இருக்கும். இல்லன்னா ராக்கர் தேஞ்சிருக்கும், டைமிங் செயின் தளர்ந்திருக்கும். மரை பிச்சிக்கிட்டு வந்தாலும், ஒரு மாசத்துலயே கேப் மறுபடி குறைஞ்சாலும் ஹெட்ட கழட்டிப் பார்க்க வேண்டிய வேலை, பெங்கெலுக்குக் கொண்டு போங்க. போகும்போது உங்க நோட்ட கையில எடுத்துக்கிட்டுப் போங்க, அளவு எழுதி வச்சிருக்குற ஆளுன்னு தெரிஞ்சா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

நோட்டுல எழுத வேண்டியது: தேதி, மீட்டர்ல எத்தன கிலோமீட்டர், திறந்தப்போ இன்டேக் எவ்வளவு எக்ஸாஸ்ட் எவ்வளவு, மூடுனப்போ எவ்வளவு. திறந்தப்போ இருந்த அளவ எழுத மறந்துடாதீங்க, வால்வ் எவ்வளவு வேகமா இறங்குதுன்னு அதுலதான் தெரியும். நான் 4,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை பார்க்குறேன், பாலத்துல தினமும் போய் வர்ற கணக்குக்கு எனக்கு அது மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருது. போன ஞாயித்துக்கிழமை எக்ஸாஸ்ட்டுல 0.05 தகடு உள்ள போகவே இல்ல, வண்டியில ஒரு சத்தமும் இல்லாமலே.